கொடை இரவுக்கு எந்த ரெக்கார்டர்?

நாட்டார் கலைகளைப் பதிவு செய்யக் கிளம்பித் திருநெல்வேலிப் பக்கம் வருகிற ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் ஒருவரைத் தேடிப் போகிறார்கள். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம், நடவுப் பாட்டு, ஒப்பாரி என்று நெடுங்காலமாக ஒலிப்பதிவு செய்துவருகிறவர். கேசட் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். எந்த மாடலில் எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை பிட், என்ன விலை என்று கோடு போட்டு எழுதியிருப்பார்கள். அண்ணாச்சி அதைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்: "எதைப் பதியப் போறீய? எத்தனை மணி வரைக்கும் நடக்கும்? அங்கே கரண்டு எங்கேயிருந்து வருது?"

கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டர் வாங்குவது பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மூன்று கேள்விக்குள் அடங்கும். பதியப் போகிற இரவில் எழக்கூடிய மிகப் பெரிய சத்தம் எது, மிகச் சிறிய சத்தம் எது, அது எவ்வளவு நேரம் நீளும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். கருவியை அதற்குப் பிறகுதான் தேட வேண்டும். சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடை வருஷத்துக்கு ஒரு முறை வருவது. சில ஊர்களில் அதுவும் கிடையாது. வயதான புலவர் ஒருவர் அன்றைக்குப் பாடியதை மறுநாள் "இன்னொரு தடவை பாடுங்க" என்று கேட்டு வாங்க முடியாது.

ஒரு கொடை இரவை எடுத்துக்கொள்வோம். வில்லுப்பாட்டுக் குழு பந்தலில் உட்கார்ந்திருக்கிறது. வெண்கல மணிகள் கோத்த வில், வீசுகோல், உடுக்கை, குடம், தாளம், கட்டை. நடுவே கதை சொல்லும் புலவர் வசனத்தில் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குக் குரல் தணிகிறது. கதையில் சாவு நெருங்கி, சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டு எழுந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. வில்மணிகள் ஓயாமல் குலுங்குகின்றன, உடுக்கை முடுக்குகிறது, சாமியாடி கத்திக்கொண்டு எழுகிறார், குலவைச் சத்தம் நாலா பக்கமிருந்தும் வருகிறது, வெளியே வேட்டு வெடிக்கிறது. சற்று முன்பு பேச்சுக்கென்று வைத்த லெவலில் இது அத்தனையும் உடைந்து கரகரக்கும். இதற்கு வைத்த லெவலில் அந்தப் பேச்சு காதில் விழாது.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970-களின் பிற்பகுதியில் குமரி, நெல்லைப் பகுதிக் கொடைகளில் வில்லுப்பாட்டுகளை டேப்பில் பதிவு செய்தார். அவற்றை ஆதாரமாகக் கொண்டு அவர் எழுதிய நூல் 1988-ல் வந்தது. கொங்கு நாட்டில் அதற்கும் முன்பே, 1965-ல், பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் உட்கார்ந்து டேப்பில் பிடித்திருக்கிறார். அந்தக் காலத்து 5 அங்குல டேப் சுருளில் 900 அடி நாடா. விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஓடினால் ஒரு பக்கம் 48 நிமிஷம். விடிய விடிய நடக்கிற நிகழ்ச்சியை அப்படி 48 நிமிஷத் துண்டுகளாக வாங்கியவர்களின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அண்ணாச்சி பழகியது சி-90 கேசட்டில். 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். பிறகு மினிடிஸ்க் வந்தது. ஒலி சுத்தமாக இருந்தது. ஆனால் சுருக்கிப் பதியும், தட்டு ஒன்றுக்கு 74 நிமிஷம். பழைய கையடக்க மினிடிஸ்க்கில் பதிந்ததைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற, அத்தனை நேரமும் ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 2006 வாக்கில் எடிரால் ஆர்-09, ஜூம் எச்4 போன்றவை மெமரி கார்டோடு வந்தபோதுதான் தனியாகப் போகிற ஆய்வாளர் ஒருவர் முழு இரவையும் சுருக்காமல் பதிவதென்பது சாத்தியமாயிற்று. 2009-ல் வந்த சோனி பிசிஎம்-எம்10 சட்டைப் பையில் அடங்கும்; ஒரே ஜோடி ஏஏ செல்லில் கொடை முழுக்க ஓடும். அதன் உற்பத்தி நின்று வருஷங்கள் ஆகியும் பழையது எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அண்ணாச்சியும் தன்னுடையதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

லெவல் பிரச்சினைக்குத்தான் இப்போது எல்லோரும் சொல்லும் மருந்து 32 பிட் ஃப்ளோட். சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்பிரீ இரண்டாம் தலைமுறையும் ஜூம் எஃப்6-ம் 2019-ல் இதைக் கொண்டுவந்தன. அப்போது அது சினிமாக்காரர்கள் கைக்கு மட்டும் எட்டுகிற விலை. டாஸ்காம் போர்ட்டாகேப்சர் எக்ஸ்8, உள்ளங்கை அளவு ஜூம் எஃப்3 என்று படிப்படியாக இறங்கி, 2024-ல் ஜூமின் எசன்ஷியல் வரிசையோடு மாணவர்கள் வாங்கும் கருவிகளுக்கும் வந்துவிட்டது. வேலை செய்யும் விதம் இதுதான்: ஒலியை எண்ணாக்கும் சுற்று ஒன்றுக்கு இரண்டாக உள்ளே இருக்கும். ஒன்று மெல்லிய ஒலிக்கு, மற்றது பலத்த ஒலிக்கு. இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாக எழுதுவதால் லெவல் குமிழைத் திருகிக்கொண்டே உட்கார வேண்டியதில்லை. 16 பிட்டில் 96 டெசிபல், 24 பிட்டில் ஏட்டளவில் 144 டெசிபல் வீச்சு. 32 பிட் ஃப்ளோட் கோப்பில் கணக்குப்படி 1,500 டெசிபலுக்கும் மேல். உலகத்தில் அவ்வளவு சத்தம் கிடையாது.

அந்த எண்ணைப் பார்த்து மயங்காதே என்று அண்ணாச்சி ஒவ்வொரு மாணவரிடமும் சொல்கிறார். கோப்பு உடையாது, சரி, மைக் உடையுமே? ஒலியை முதலில் வாங்குவது மைக்கின் சவ்வு. பெரும்பாலான மைக்குகளின் குறிப்பேட்டில் அதிகபட்ச ஒலியழுத்தம் என்று 120 டெசிபல், 130 டெசிபல் என ஓர் எண் போட்டிருக்கும். தவிலுக்கும் பம்பைக்கும் ஒரு முழ தூரத்தில் மைக்கை வைத்தால் அடியின் உச்சத்தில் அந்த எல்லையை முட்டும். அங்கே பிறக்கிற சிதைவு எந்தக் கோப்புக்குப் போனாலும் சிதைவுதான். பிறகு லெவலைக் குறைத்தால் குறைந்த சத்தத்தில் அதே கரகரப்பு கேட்கும். தவிலைப் பதிய வேண்டுமென்றால் நான்கடி தள்ளி நிற்பதுதான் வழி. தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் ஒலி 6 டெசிபல் குறையும். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டால் பழைய 24 பிட் கருவியிலும் நல்ல பதிவு எடுக்கலாம், உச்சத்தை மைனஸ் 12 டெசிபலுக்குக் கீழே நிறுத்தி. ஆட்டத்தில் இறங்கும் கூட்டத்துக்கு நடுவே தனியாளாக இருந்து லெவலும் பார்த்து, குறிப்பும் எழுத வேண்டியவருக்கு 32 பிட் பெரிய உதவி. அதை அவர் மறுப்பதே இல்லை.

குடத்தைப் பற்றித் தனியாகச் சொல்வார். வில்லுப்பாட்டுக்கு அடித்தளமே அந்த முழக்கம். குடத்தின் வாயில் அடி விழும்போது உள்ளிருந்து காற்று குபீரென்று வெளியே வரும். அதற்கு நேராக மைக் இருந்தால் பதிவில் இடி மட்டும்தான் மிஞ்சும். காற்றுச் சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்று ரெக்கார்டரில் உள்ள லோ கட் பொத்தானைப் போட்டால் 80 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் மெலிந்து குடம் வெறும் தகரமாகக் கேட்கும். மைக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி, ரோமம் வைத்த காற்றுறையைப் போர்த்தி, லோ கட்டை அணைத்து வைக்கச் சொல்கிறார். ரெக்கார்டரோடு வரும் ஸ்பாஞ்ச் தொப்பி மின்விசிறிக் காற்றுக்கே தாங்காது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வீசும் காற்றை அது என்ன செய்யும்!

இன்றைய கொடையில் அடுத்த சோதனை மைக்செட். புலவர் முன்னால் அவர்களுடைய மைக் நிற்கிறது. குழாய் ஸ்பீக்கர்கள் தெரு முழுக்கக் கட்டியிருக்கின்றன. பந்தலில் வைத்த ரெக்கார்டர் புலவரின் நேர்க்குரலையும் வாங்கும். 34 மீட்டர் தள்ளிக் கம்பத்தில் தொங்கும் குழாயிலிருந்து ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வரும் அதே குரலையும் வாங்கும். இரண்டும் கலந்தால் சொல் குழம்பும். பாட்டை எழுத்தில் பெயர்க்க உட்காரும் மாணவருக்கு அது பெரிய தலைவலி. அதனால் மைக்செட்காரரிடம் பேசி மிக்சரிலிருந்து ஒரு லைன் வாங்க வேண்டும். அதில் குரல் துலக்கமாக இருக்கும், ஆனால் கொடை இருக்காது. குலவையும் கூட்டமும் குடத்தின் முழக்கமும் வராது. ஆகவே நான்கு டிராக் வேண்டும்: பந்தலின் சூழல் ஒலிக்கு ரெக்கார்டரிலேயே உள்ள ஸ்டீரியோ மைக் ஜோடி, மிக்சர் லைனுக்கு ஒரு டிராக், குடத்துப் பக்கம் தனி மைக்குக்கு ஒன்று. ரெக்கார்டரில் இரண்டு எக்ஸ்எல்ஆர் வாயாவது இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ஜூம் எச்4 எசன்ஷியல், டாஸ்காம் எக்ஸ்6 போன்றவை இந்த அளவுக்குப் போதும். இன்னும் இரண்டு மைக் சேர்க்க நினைப்பவர் எச்6 எசன்ஷியலையோ எக்ஸ்8-ஐயோ பார்க்கலாம்.

மிக்சர் லைனை எடுக்கும் இடத்தில் அவர் மாணவரின் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். மைக் கொடுப்பது சில மில்லிவோல்ட். மிக்சரின் லைன் அவுட் ஒரு வோல்ட்டையும் தாண்டும். ரெக்கார்டரில் அதை லைன் லெவலுக்கு மாற்றாவிட்டால் உடைந்துதான் பதியும். அது சரிசெய்யக்கூடியது. ஆனால் ஊர் மைக்செட்டின் ஆம்ப்ளிஃபயர் பின்புறம் குழாய் ஸ்பீக்கர்களுக்கென்று 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கும். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், "இதுவும் அவுட்டுதான" என்று யாராவது அதில் வயரைச் செருகிக் கொடுத்தால் ரெக்கார்டர் அத்தோடு முடிந்தது. ஆகவே வயர் எந்த முனையிலிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் ரெக்கார்டரில் செருகக் கூடாது. செருகிய பிறகு ஹெட்போனை மாட்டிக் கேட்க வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் மைக்செட் என்றால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கூடவே வரும். இடையே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றை வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அண்ணாச்சியின் பையில் அது எப்போதும் உண்டு.

கொடை ஒரு முனை. மறுமுனையில் இருப்பது வீட்டுத் திண்ணையில் தாலாட்டுப் பாடும் ஆச்சி. அங்கே கருவியின் வேறொரு குணம் தெரியும். மெல்லிய குரலைத் தூக்கும்போது உள்ளிருக்கும் ப்ரீஆம்ப் தன் சொந்த இரைச்சலையும் கூடத் தூக்கும். 'ஸ்ஸ்' என்று மழைத் தூறல்போல் பின்னால் நிற்கும். குறிப்பேட்டில் ஈஐஎன் என்று போட்டிருக்கும் எண் இதைச் சொல்கிறது. மைனஸ் 120 டிபியுவைவிட மைனஸ் 127 அமைதியானது. கொடைக்கு வாங்குகிறவர் இந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தாலாட்டுக்கும் பேச்சுவழக்கு ஆய்வுக்கும் வாங்குகிறவர் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தானியங்கி லெவல் என்னும் வசதியை அவர் பரம எதிரியாகவே பார்க்கிறார். ஆச்சி ஓர் அடி பாடி மூச்சு வாங்க நிறுத்துகிறாள். சத்தம் குறைந்துவிட்டதென்று கருவி தானாகவே லெவலை ஏற்றுகிறது. மின்விசிறி, சுவர்க்கோழி, அடுத்த வீட்டு டிவி எல்லாம் மெல்ல மேலெழுந்து வருகின்றன. ஆச்சி அடுத்த அடியை எடுத்ததும் முதல் எழுத்து வெடித்துப் பதிந்து, சட்டென்று எல்லாம் அடங்குகிறது. பாட்டு முழுவதும் இந்த ஏற்ற இறக்கம். அவள் எங்கே குரலை உயர்த்தினாள், எங்கே தழைத்தாள் என்பதே பதிவில் இல்லாமல் போகும். கைபேசியில் பதிகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கைபேசியின் இரைச்சல் நீக்கி, மாறாமல் நீடிக்கும் எந்த ஒலியையும் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். சுருதிப் பெட்டியின் ரீங்காரத்தையே தேய்த்துவிடும். அவசரத்துக்குக் கைபேசி தப்பில்லை என்றுதான் அண்ணாச்சியும் சொல்வார். அப்போதும் சுருக்காத வேவ் கோப்பாகப் பதியும் செயலியைப் போட்டு, இந்தத் திருத்தங்களை அணைத்துவிட்டு, ஆச்சிக்கு இரண்டடிக்குள் வைக்க வேண்டும். தரையில் நேராக வைக்காமல், நாலாக மடித்த துண்டின் மேல்.

பட்டியலில் மாணவர்கள் கொட்டை எழுத்தில் எழுதி வரும் கிலோஹெர்ட்ஸைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஒலிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பதைக் குறைந்தபட்ச அளவாகச் சொல்கிறது. அது போதும். எம்பி3 மட்டும் வேண்டவே வேண்டாம். காதுக்குத் தெரியாது என்று அது கழித்துக்கட்டுவதில் மொழியியல் மாணவர்கள் அளந்து பார்க்க வேண்டியவையும் போய்விடும்.

இடக் கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 32 பிட் என்றால் 1.4 ஜிபி. நான்கு டிராக்கில் எட்டு மணி நேரக் கொடைக்கு 22 ஜிபி. 32 ஜிபி கார்டு ஓர் இரவுக்குச் சரியாக இருக்கும். கோப்பு 2 ஜிபி அல்லது 4 ஜிபி ஆனதும் பல கருவிகள் அதை முடித்து அடுத்ததைத் தொடங்கும். அந்த இணைப்பில் ஒரு நொடிகூட விடுபடாமல் எழுதுகிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். கார்டிலும் போலிகள் உண்டு. 64 என்று அச்சடித்து உள்ளே 8 இருக்கும். நிரம்பியதும் எச்சரிக்கை தராமல் முதலில் எழுதியதை அழித்துக்கொண்டே போகும். புதுக் கார்டு எதுவானாலும் கம்ப்யூட்டரில் போட்டு முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்த பிறகே அண்ணாச்சி பையில் வைப்பார்.

பேட்டரி விஷயத்தில் அவர் ஏஏ கட்சி. உள்ளேயே பொருத்திய லித்தியம் பேட்டரி கிராமத்தில் நடுராத்திரி தீர்ந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏஏ செல் பெட்டிக்கடையில் கிடைக்கும். சார்ஜ் செய்யும் நிக்கல் செல் போட்டால், மெனுவில் பேட்டரி வகையை மாற்ற வேண்டும். அதன் அழுத்தம் 1.2 வோல்ட்தான், ஆல்கலைன் என்றே விட்டால் மீட்டர் பொய் சொல்லும். பவர் பேங்க் நல்ல துணை. ஆனால் குறைந்த மின்சாரம் இழுக்கும் சின்ன ரெக்கார்டரைச் சில பவர் பேங்க்குகள் "எதுவும் செருகவில்லை" என்று கருதித் தாமே அணைந்துவிடும். வீட்டிலேயே ஓர் இரவு ஓடவிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கடையில் அவர் செய்யும் சோதனைகளைப் பார்த்தால் கடைக்காரருக்குச் சற்று பயமாகத்தான் இருக்கும். சென்னை ரிச்சி தெருவானாலும் பழைய கருவி விற்கும் தனியாளின் வீடானாலும் ஒரே முறைதான். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவியே ரெக்கார்ட் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்துவார். பந்தலில் விளக்கு அணையும்போது அப்படித்தான் அழுத்த வேண்டியிருக்கும். தொடுதிரை மட்டும் உள்ள கருவி இந்த இடத்திலேயே அவரிடம் மதிப்பெண் இழந்துவிடும், வியர்த்த விரலுக்கு அது கட்டுப்படாது. ஜூம் எசன்ஷியல் வரிசையில் பார்வையற்றவர்களுக்காக மெனுவைக் குரலில் சொல்லும் வசதி இருக்கிறது. இருட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் அது பயன்படும் என்று அவர் மெச்சுகிறார். பிறகு பதிவு ஓடும்போதே கருவியைக் கையில் மாற்றிப் பிடித்து, உடம்பைத் தடவும் சத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று ஹெட்போனில் கேட்பார். வயர் செருகும் வாயை லேசாக ஆட்டிப் பார்ப்பார். பழைய கருவியில் முதலில் தேய்வது அதுதான். கடைசியாக, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி மூடியைத் திறந்து செல்லை உருவிவிடுவார். மறுபடி போட்டு உயிர்ப்பித்தால் அதுவரை பதிந்த கோப்பு திறக்க வேண்டும். சில கருவிகள் கோப்பின் தலைப்பை நிறுத்தும்போது மட்டும் எழுதும். அவற்றில் மூன்று மணி நேரப் பாட்டும் திறக்காத கோப்பாகிவிடும். சில கருவிகள் அவ்வப்போது எழுதிக்கொண்டே போகும். அவற்றில் கடைசிச் சில விநாடிகள்தான் போகும். விளம்பரத் தாளில் இந்த வித்தியாசம் இருக்கவே இருக்காது. எழுநூறு ரூபாய் விலை வித்தியாசத்துக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்யாமல் வருவதுதான் அண்ணாச்சிக்குத் தாங்க முடியாத ஆற்றாமை.

சமீபத்தில் அவரைப் பார்க்க வந்த மாணவி கணியான் கூத்தைப் பதியப் போகிறவர். பட்டியலில் முதலிடத்தில் ஆறு டிராக் கருவி ஒன்று. அண்ணாச்சி வழக்கமான மூன்று கேள்வியையும் கேட்டார். மகுடம் என்னும் பறை இரண்டு, பாட்டை நடத்தும் ஓர் அண்ணாவி, பின்பாட்டு, பெண் வேடமிட்டு ஆடும் இருவர். இடம் சுடுகாட்டுப் பக்கத்துக் கோயில். மைக்செட் சில வேளை உண்டு, சில வேளை இல்லை. மகுடத்தைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றியதும் அடி சுள்ளென்று விழும். அண்ணாவி ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆடுகிறவர்களோடு நகர்ந்துகொண்டே பாடுவார். நட்டு வைக்கிற மைக் எத்தனை இருந்தாலும் அவர் குரலைத் துரத்த முடியாது.

"உனக்கு ஆறு டிராக் வேண்டாம்மா" என்றார். "நாலு டிராக்கு, 32 பிட்டு, ரெண்டு எக்ஸ்எல்ஆர். மிச்சத் துட்டுல கம்பியில்லா காலர் மைக் ஒண்ணு வாங்கு. அண்ணாவிகிட்டே முதல்லயே பேசி, சம்மதம் கேட்டு, துண்டுல குத்திவிடு. அவரு வேண்டாம்னா விட்டுரு." காதை மூடும் ஹெட்போனும் ரோமக் காற்றுறையும் அதே துட்டுக்குள் வர வேண்டும் என்று பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். கருவியின் தேதியும் நேரமும் பேட்டரி கழற்றும்போது அழிந்துபோகிறதா என்று பார்க்கச் சொன்னார். அழிந்தால் ஒவ்வொரு இரவும் திருத்திவிட்டு, பதிவு தொடங்கியதும் ஊர், கோயில், நாள், பாடுகிறவர் பெயர், அவர் சம்மதம் எல்லாவற்றையும் தன் குரலிலேயே சொல்லிப் பதிய வேண்டும். விடிந்ததும் கார்டை இரண்டு வன்தட்டில் ஏற்றி, ஒன்றை அண்ணாவியின் மகனிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.